பணிக்கு முந்தைய பயணம்: விமானியின் வீடும் தளமும்

வடசென்னையின் தொழிற்பகுதி உருவான காலத்தில் வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு பெரும்பாலும் நடந்தே கடக்கக்கூடியதாக இருந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியபின், எஞ்சின் கொட்டகைகளும் பணிமனைகளும் எழுந்த இராயபுரம், பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் பகுதிகளையொட்டியே ரயில்வே குடியிருப்புகளும் எழுந்தன. புளியந்தோப்பை அடுத்து 1876-இல் பக்கிங்காம் ஆலையும் 1881-இல் கர்நாடிக் ஆலையும் நிறுவப்பட்டபோது, ஆலைச் சங்கு கேட்கும் எல்லைக்குள் தொழிலாளர் தெருக்கள் பெருகின. எஞ்சின் ஓட்டுநரைப் பொறுத்தவரை இந்த அண்மை பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவும் இருந்தது. பணி முறை வந்த ஓட்டுநரின் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி எழுப்பி, கொண்டுவந்த புத்தகத்தில் கையெழுத்து வாங்கிச் செல்வதற்கென்றே 'கால் பாய்' எனப்பட்ட ஊழியரை ரயில்வே வைத்திருந்ததால், ஓட்டுநர் எங்கே உறங்குகிறார், எப்போது எழுப்பப்பட்டார் என்பவை நிர்வாகத்தின் பதிவேட்டிலேயே இருந்தன.

விமானப் போக்குவரத்து வேறொரு வழக்கத்தில் வளர்ந்தது. ஒவ்வொரு விமானிக்கும் நிறுவனம் ஒரு விமான நிலையத்தைத் தளமாக, தொழிலில் உள்ளோர் சொல்லும் 'பேஸ்' ஆக, ஒதுக்குகிறது. 'ரோஸ்டர்' எனப்படும் பணி அட்டவணையின் ஒவ்வொரு சுற்றும் அந்தத் தளத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. வெளியூரில் இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறையும் காரும் நிறுவனத்தின் பொறுப்பு. தளத்தில் தங்குவதோ விமானியின் சொந்தப் பொறுப்பு. ஆகவே சென்னையில் வீடும் தில்லியில் தளமும் கொண்ட ஒருவர், விமானம் ஓட்டுவதற்கு முன்பு இன்னொரு விமானத்தில் பயணியாக அமர்ந்து வேலைக்கு வர வேண்டியவராகிறார். அமெரிக்காவில் இது மிகப் பரவலான வழக்கம். அங்கே தளமாக உள்ள நகரங்களில் பல விமானிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில்களில் மாறி மாறி உறங்கிச் செல்லும் வீடுகள் 'கிராஷ் பேட்' என்ற பெயரில் தனித் தொழிலாகவே நடக்கின்றன. அந்தப் பெயர் பயணிகள் காதில் விழாதிருப்பது நல்லது.

இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மறுநாள் சென்னையிலிருந்து புறப்படும் விமானத்தை ஓட்டுவதற்காகத் தில்லி விமானியை நிறுவனமே பயணியாக அனுப்பினால் அது 'பொசிஷனிங்' எனப்படும். அந்த நேரம் முழுவதும் சட்டப்படி பணி நேரத்தில் சேர்கிறது. அதே விமானத்தின் அடுத்த இருக்கையில் இன்னொரு விமானி தன் வீட்டிலிருந்து தளத்துக்கோ, தளத்திலிருந்து வீட்டுக்கோ சென்றுகொண்டிருந்தால், அந்த நேரம் ஓய்வுக் கணக்கில் போகிறது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே சோதனை வரிசையில் நின்று, ஒரே இரைச்சலில் அமர்ந்திருப்பவர்கள். ஏட்டில் ஒருவர் பணியிலும் மற்றவர் ஓய்விலும் இருக்கிறார்.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் உடன்பட்டு விமானிகள் ஏன் குடிபெயராமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, பிள்ளைகளின் பள்ளி, வாழ்க்கைத் துணையின் வேலை, வயதான பெற்றோர், பெருநகர வாடகை என்று எல்லாருக்கும் பொதுவான விடைகள் உண்டு. ஆயினும் இத்தொழிலுக்கே உரிய காரணம் தளத்தின் நிலையாமைதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-இல் எம்ப்ரேயர் விமானங்களோடு பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-இல் நின்றுபோனது. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் சேவையை நிறுத்தின. நிறுவனம் நீடித்தாலும் விமானங்களின் வகையும் வழித்தடங்களும் மாறும்போது தளமும் மாறும். துணை விமானி கேப்டனாகப் பதவி உயரும்போது, காலியிடம் இருக்கும் ஊருக்கே செல்ல நேரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீட்டைப் பெயர்ப்பதைவிட வீட்டை ஓரிடத்தில் ஊன்றிவிட்டுத் தான் மட்டும் அலைவது குடும்பத்துக்கு நன்மை என்று விமானி கருதுவதைக் குறை சொல்வதற்கில்லை. நிறுவனத்துக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. தளத்துக்கு அருகில் வசிப்போரை மட்டும் தேடாமல் நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுக்க முடிகிறது, இடமாற்றச் செலவும் மிச்சமாகிறது.

இழப்பு எங்கே விழுகிறது என்பதை நேரக் கணக்கில் பார்க்கலாம். சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலான பறப்பு மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வீட்டிலிருந்து விமான நிலையம் செல்வது, சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் அறைக்குச் செல்வது எல்லாம் சேர்ந்தால் ஒரு வழிக்கு ஆறு மணி நேரம் ஆகிவிடும். வாராந்தர ஓய்வு 48 மணி நேரம் என்றால் போகவர 12 மணி நேரம் அதில் கழிகிறது. கழிவது இவ்வளவுதான் என்பதற்கும் உறுதியில்லை. பணியாளர் சலுகைச் சீட்டு பெரும்பாலும் இடம் மிஞ்சினால்தான் செல்லும் என்பதால், தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் முதல் விமானமும் இரண்டாம் விமானமும் கண்முன்னே நிரம்பிப் புறப்பட்டுவிடலாம். விமானி அறையிலுள்ள மடக்கு இருக்கையாகிய 'ஜம்ப் சீட்' கிடைத்தால் அது பாக்கியம். தில்லியின் மார்கழிப் பனிமூட்டத்தில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், பயணிக்கு அது எரிச்சலோடு முடியும், பணிக்குச் செல்லும் விமானிக்கோ வேலையே தவறிப்போகும். இதை எதிர்பார்த்து அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றின் தொழிற்சங்க ஒப்பந்தங்களில், முன்யோசனையோடு மாற்று விமானமும் பார்த்துவைத்தும் வர முடியாமற்போனவரைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டுள்ளது. அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டிய 'ஸ்டாண்ட்பை' நாட்களையோ, அழைப்பே வராவிட்டாலும் தளத்து வாடகை அறையில்தான் கழிக்க வேண்டும்.

நேர இழப்பைவிடக் கவலைக்குரியது உறக்க இழப்பு. மனித உடலின் உள்கடிகாரம் நள்ளிரவுக்குப் பின் ஏறத்தாழ 2 மணி முதல் 6 மணி வரை விழிப்புநிலையை மிகத் தாழ்த்திவிடுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது என்பதை 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் விமானியும் ரயில் ஓட்டுநரும் பணிக்கு முன் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிக் காட்டியாக வேண்டும். எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று காட்டும் கருவி எதுவும் அந்த வாசலில் இல்லை.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து, அதில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். விமானிகள் இருவருக்கும் தளம் நியூயார்க்கை அடுத்த நுவார்க். கேப்டனின் வீடு தெற்கே ஃபுளோரிடாவிலும், துணை விமானியின் வீடு மேற்குக் கரையில் சியாட்டில் அருகிலும் இருந்தன. துணை விமானி சரக்கு விமானத்தில் இரவெல்லாம் நாட்டைக் குறுக்கே கடந்து வந்து, காலையில் பணியாளர் அறையில் சிறிது உறங்கிவிட்டுப் பணியேற்றிருந்தார். கேப்டன் வேகக்குறைவு எச்சரிக்கைக்குத் தவறாக எதிர்வினை செய்ததே காரணம் என்று முடிவுகட்டிய விசாரணை வாரியம், களைப்பு இருவரையும் பாதித்திருக்கலாம், எவ்வளவு என்று அறுதியிட இயலாது என்றது. அதையும் துணைக் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று வாரியத் தலைவரே மாறுபட்டார்.

அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டபடி தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு 2011-இல் அளித்த அறிக்கை, தொலைவை வைத்து ஆபத்தை அளப்பது பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. முந்தைய நாள் மாலையே வந்து தளத்தருகே நன்றாக உறங்கி எழுந்தவர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வசித்தாலும், நகர நெரிசலில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவரைவிடத் தெளிவாக இருக்கக்கூடும். பணி முடியும் நேரத்தில் ஏறத்தாழ 16 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கும்படியோ, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கும்படியோ பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்பதே அக்குழுவின் பரிந்துரை. அறிவுரை சரிதான், ஆனால் முந்தைய மாலையே வருவதற்கு இடையில் ஒரு நாள் வேண்டும், உறங்குவதற்கு அறை வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இளம் துணை விமானிகளிடம் இம்மூன்றும் குறைவு. ஒரு விதத்தில் இந்தியருக்குச் சிறு நல்லூழ் உண்டு: நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால், சியாட்டிலிலிருந்து வந்தவருக்கு இருந்த மூன்று மணி நேரக் கடிகார வேறுபாடு உள்நாட்டுப் பயணத்தில் இங்கே யாருக்கும் இல்லை.

ரயில்வேயின் பக்கம் திரும்பினால், பேசின் பிரிட்ஜ் வழியே வண்டி ஓட்டும், இன்று 'லோகோ பைலட்' எனப்படும் எஞ்சின் ஓட்டுநருக்கு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பணி செய்து தலைமையிடம் திரும்பினால் 16 மணி நேர ஓய்வும், வெளியூரில் 'ரன்னிங் ரூம்' எனப்படும் தங்கும் விடுதியில் கட்டிலும் சாப்பாடும் விதிப்படி உண்டு. அந்த 16 மணி நேரம், கொட்டகையருகே குடியிருந்த காலத்து ஓட்டுநருக்கு முழுமையாகக் கிடைத்தது. இன்று திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவோருக்கு அதில் பயணமும் அடக்கம். கால் பாயின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டபின், அழைப்பு எந்த ஊரில் ஒலிக்கிறது என்பது ரயில்வேக்கும் தெரியாமற்போயிற்று.

இந்தியாவின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஜனவரியில் வெளியிட்ட திருத்த விதிகள் வாராந்தர ஓய்வை 36-இலிருந்து 48 மணி நேரமாக்கின; இரவு என்பதை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என நீட்டி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்தன. வெளியூர் வீட்டுக்காரருக்கு இம்மாற்றத்தின் பயன் மற்றவரைவிடக் கூடுதல்: போகவரும் பயணம் கழிந்தபின் வீட்டில் கழிக்க இப்போது முன்பைவிடக் கூடுதல் நேரம் கிடைக்க வாய்ப்புண்டு. விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தபோது, போதிய விமானிகள் இல்லாத இண்டிகோ நிறுவனம் டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த விதிகளிலும் வீட்டுக்கும் தளத்துக்கும் இடையிலான பயணம் விமானியின் சொந்த விவகாரமாகவே நீடிக்கிறது.

ஐரோப்பிய வழிகாட்டுதல் இதற்கு ஓர் எண்ணையாவது சொல்கிறது: வீட்டிலிருந்து தளத்தை அடைய வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமானால், அருகில் தற்காலிகத் தங்குமிடம் பார்த்துக்கொள்வது நல்லது என்கிறது. புளியந்தோப்பிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு விடியலில் நிறுவனத்தின் கார் வந்து ஏற்றிச் சென்றால், மழையில் சுரங்கப்பாதை மூழ்கி வழி மாறினாலும்கூட, இந்த எல்லைக்குள் சென்றுவிடலாம். சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குத் தேர்வான பரந்தூர், மாநகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அது இயங்கத் தொடங்கினால், ஊர் மாறாமலே வடசென்னை விமானி நெடுந்தொலைவுப் பயணியாகிவிடுவார்.