கடையும் குடியும் ஒரு கூரையின் கீழ்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்றதும் இருக்குவேளிரும், பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த மூவர் கோயிலுமே நம் நினைவுக்கு வரும். அஃது ஒரு வணிக நகராகவும் விளங்கியது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இன்று அவ்வூர் திருச்சி-மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ளது. கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டடங்கள் எழும் இத்தகைய ஊர்களில், அவை அண்டை அயலுக்கு இசைய அமைவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வகைக் கட்டடம் புதிதன்று. மம்லூக் சுல்தான் கான்சூ அல்கூரி 1504-05இல் கெய்ரோவில் கட்டிய வகாலா இன்றும் நிற்கிறது. நடுவே திறந்த முற்றம். கீழ்த்தளங்களில் கடைகளும் சரக்கறைகளும். அவற்றின்மேல் வாடகை வீடுகள். மரக் கிராதிச் சாளரங்கள் காற்றை உள்ளே விட்டு, பார்வையைத் தடுத்தன. இத்தகைய கட்டடங்களில் குடியிருப்புக்குத் தனி வாயில் அமைப்பது வழக்கமாயிருந்தது. கடைக்கு வரும் அயலார் வீட்டு வழியில் நடமாட வேண்டிய நிலை இதனால் எழவில்லை.

தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு அறிமுகமான மற்றொரு சான்று சிங்கப்பூர்க் கடைவீடுகளாகும். 1822ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் சூலியருக்கென ஒரு பகுதியை ஒதுக்கியது. கடைகளின் முன்னே தொடர்ச்சியான நிழல்நடை விடப்படவேண்டும் எனவும் விதித்தது. ஐந்தடிப் பாதை எனப் பெயர் பெற்ற இது, தனியார் கட்டடத்தின் பகுதியாயினும் வழிப்போக்கர் அனைவருக்கும் பயன்பட்டது. நம் திண்ணையின் பண்பும் இதுவேயன்றோ? முகப்புக் குறுகி ஆழம் நீண்ட அவ்வீடுகளின் நடுவே விடப்பட்ட வான்வெளி முற்றம், ஒளியையும் காற்றையும் உள்ளறைகளுக்குக் கொண்டுவந்தது. பழைய கடைவீட்டுப் பகுதிகள் பலவற்றை 1989இல் சிங்கப்பூர் அரசு பாதுகாப்பின்கீழ்க் கொணர்ந்தது.

உருவம் இசைந்தால் மட்டும் போதுமா? போதாது. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ, கட்டட வழக்குகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். புகை, துர்நாற்றம், ஆலை எந்திரத்தின் அதிர்வு, அயல் வீட்டை நோக்கும் சாளரம், எதிரெதிர் வாயில்கள் ஆகியன அதில் ஆராயப்படுகின்றன. அயலாருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் மார்க்க நெறியே அத்தீர்ப்புகளின் அடித்தளம். ஒருவர் தம் நிலத்தில் கட்டும் உரிமை பிறரது அமைதி தொடங்கும் எல்லையில் வரம்பு பெறுகிறது.

இவற்றைக் கொடும்பாளூர் போன்ற ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வீட்டுப் படிக்கட்டு கடைக்குள் செல்லாமல் தனியே அமையவேண்டும். ஜெனரேட்டரும் உணவகப் புகைபோக்கியும் படுக்கையறைச் சாளரங்களை நோக்கலாகாது. முன்புறம் சிறு நிழலிடம் விட்டால், பேருந்துக்குக் காத்திருப்போர் வெயிலில் வாடார். சரக்கு வண்டிகளுக்குப் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ இடம் விடுதல் நலம். தொன்மைச் சின்னத்தின் அருகில் சட்டமும் துணைநிற்கிறது: 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை.

இவற்றுள் பெரும்பாலானவை மிகுந்த செலவைக் கோருவன அல்ல. வரைபடம் தீட்டும் நாளிலேயே முடிவு செய்யப்படவேண்டியவை. கட்டிய பின்னர்ப் படிக்கட்டை மாற்றுதல் அரிது. மனம் கசந்த அண்டை வீட்டாரை மீண்டும் இணக்குதல் அதனினும் அரிது.