கண்ணை மறைத்தால் தோற்கும் ஸ்ட்ராடிவேரியஸ்... காஸ்ட்லி இசைக்கருவி வொர்த்தா?

போனஸ் வந்த கையோடு கிடார் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். பார்க்க ஒரே மாதிரி இரண்டு கிடார். ஒன்று பத்தாயிரம் ரூபாய், இன்னொன்று லட்சத்தைத் தாண்டுகிறது. "அது பிராண்டு சார், சவுண்டே வேற" என்கிறார் கடைக்காரர். நிஜமாகவே வேறயா?

இதை உலகின் மிக காஸ்ட்லியான வயலின்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். அவர் செய்த கருவிகளில் சுமார் 650 இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான 'லேடி பிளன்ட்' 2011-ல் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதை யாரும் அதிகம் வாசிக்காததால் புதுசு போலவே இருந்தது என்பதும் அந்த விலைக்கு ஒரு காரணம். வயலினுக்கு இது பெருமையா என்பது வேறு விஷயம்.

2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடந்தது. கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற ஆய்வாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் தயாரிப்பாளரும் அதை முன்னின்று நடத்தினார்கள். ஒரு ஹோட்டல் அறையில் 21 கலைஞர்கள், ஆறு வயலின்கள். மூன்று பழசு, அதில் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை. மூன்று புதுசு. பழசின் மொத்த மதிப்பு சுமார் ஒரு கோடி டாலர், புதுசைப் போல 100 மடங்கு! எது எதுவென்று தெரியாமலிருக்க அறையில் மங்கலான வெளிச்சம், கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கருவிகளில் கொஞ்சம் சென்ட் வேறு. 'எதை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்?' என்று கேட்டபோது 13 பேர் புதிய வயலினைக் காட்டினார்கள். கடைசி இடம் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ்.

'ஹோட்டல் ரூம்ல வாசிச்சா என்ன தெரியும்?' என்று விமர்சனம் கிளம்பியது. நியாயமான கேள்விதான். 2012-ல் பாரிஸ் அருகே 300 பேர் அமரும் அரங்கிலும் வாசிக்கவைத்து, 10 முன்னணி கலைஞர்களுடன் மறுபடி சோதித்தார்கள். அதிலும் ஆறு பேர் தேர்ந்தெடுத்தது புதுசைத்தான்.

கோடிகள் போவது பெரும்பாலும் பெயருக்கும் வரலாற்றுக்கும்தான். அதற்காக ஆன்லைனில் கிடைக்கும் ஆகக் குறைந்த விலை கிடாரை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அங்கேதான் ஆபத்து.

ரொம்ப மலிவான கிடார்களில் கம்பி பெரும்பாலும் ஃப்ரெட்டிலிருந்து உயரத் தூக்கி நிற்கும். அழுத்தினால் விரல் நுனி எரியும். காலையில் சுருதி சேர்த்தால் மாலைக்குள் கலைந்துவிடும். புதிதாகக் கற்பவருக்குத் தப்பு கிடாரில் இருப்பது தெரியாது. 'நமக்கு மியூசிக் வராது' என்று மூன்றாவது வாரமே பரண் மேல் ஏற்றிவிடுவார்.

இந்தக் கட்டத்தில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு நிஜமாகவே பலன் உண்டு. உதாரணத்துக்கு, யமஹா எஃப்310-ன் மேல்பலகை பிளைவுட் போல ஒட்டிய அடுக்குகள். எஃப்ஜி800-ல் அது அடுக்கில்லாத முழு ஸ்ப்ரூஸ் மரம், இன்னும் தாராளமாக அதிரும். அதற்கு மேலே போகப் போக வித்தியாசம் மெலிகிறது. எலெக்ட்ரிக் கிடாரில் கிப்சன், எபிஃபோன் இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை. லெஸ் பால் மாடல் இரண்டிலும் உண்டு. அமெரிக்காவில் தயாராகும் கிப்சனின் விலையில் அந்த ஊர் கூலியும் தலைப்பகுதியில் இருக்கும் பெயரும் சேர்ந்திருக்கின்றன. விற்கும்போது அந்தப் பெயருக்குக் காசு திரும்பக் கிடைக்கும், அதையும் கணக்கில் வைக்கலாம்.

வாங்கும் முன் வாசிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிப்போங்கள். 12-வது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால், வெறும் கம்பியின் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே பிசிறில்லாமல் கேட்க வேண்டும். பிறகு திரும்பி நின்றுகொண்டு, இரண்டு கிடாரையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். எது எதுவென்று காதுக்குத் தெரியவில்லையென்றால் விலை குறைந்ததையே பில் போடலாம். மிச்சப் பணத்தில் கம்பி உயரத்தைச் சரிசெய்து, நாலைந்து மாத கிளாஸ் ஃபீஸையும் கட்டிவிடலாம்.