ஒரு சென்டிமீட்டர் மிச்சம்

அறுவை அரங்கில் ஒரு கட்டம் வரும். வேலை பாதியில் நிற்க, கையுறை மாட்டிய கைகளைக் கோத்தபடி எல்லாரும் காத்திருப்பார்கள். வெட்டியெடுத்த கருப்பைவாய் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். அங்கே அதை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மேல் விளிம்பு சுத்தம், கட்டிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி போதும் என்று தகவல் வந்தால் கருப்பை தப்பியது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். வெட்ட இடமில்லையென்றால் கருப்பையே போகும். மயக்கத்துக்குப் போகும் முன்பே அந்தப் பெண் இதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ட்ரக்கலெக்டமி எனப்படும் இந்தச் சிகிச்சையை 1987இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கிவைத்தவர் டேனியல் டார்ஜான். அதுவரை ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றானாலும் கருப்பையை எடுத்துவிடுவதே வழக்கம். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவும். மேலே ஏறுவது குறைவு. டார்ஜான் முதலில் லேப்ராஸ்கோப் வழியே நிணநீர் முடிச்சுகளை எடுத்துச் சோதித்தார். அவற்றில் நோய் இல்லையென்றால் கருப்பைவாயையும் சுற்றுத் திசுக்களையும் கீழ்வழியாகவே நீக்கி, மேலே எஞ்சிய கருப்பையை யோனிக்குழாயோடு இணைத்துத் தைத்தார். இப்படிச் செய்துகொண்ட பெண்கள் கருவுற்ற செய்தி 1994இல் ஆய்விதழில் வந்தது. கட்டி 2 செ.மீ.க்கு மேற்படாதவர்களுக்கு நோய் திரும்புவது நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். கருப்பையை எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை.

அந்த அளவில் கட்டி எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கக்கூடும், தேடினால்தான் அகப்படும். இதே லியோனில் தலைமையகம் கொண்ட சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தமிழக நிறுவனங்களோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடத்தியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் சோதனை. அதை ஒரேயொரு முறை செய்ததிலேயே இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

ட்ரக்கலெக்டமிக்குப் பின் கருத்தரிக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்கச் சொல்வார்கள். பிறகு பலருக்கு இயல்பாகவே கரு தங்கும். சிலருக்குத் தழும்பால் வாய் சுருங்கிவிட, செயற்கைக் கருத்தரிப்பு தேவைப்படும். முதல் மூன்று மாதக் கருச்சிதைவு மற்றவர்களுக்கு உள்ள அளவுதான். சோதனையே நான்காம் மாதத்துக்குப் பிறகுதான்.

மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமிருந்த கருப்பைவாயில் இப்போது மிச்சம் ஒரு சென்டிமீட்டர்போல. அதைச் சுற்றி, அறுவையின்போதே கரையாத தடித்த இழையால் சுருக்குத் தையல் போட்டுவிடுவார்கள். எடையைத் தாங்க அது உதவும். ஆனால் கருப்பைவாய் எடை தாங்குவதற்கு மட்டும் இருந்த உறுப்பல்ல. கர்ப்ப காலத்தில் அங்கே கெட்டியான சளி அடைத்துக்கொண்டு, கீழிருந்து கிருமி ஏறாமல் தடுக்கும். அந்தச் சளியைச் சுரக்கும் சுரப்பிகளில் பெரும்பகுதி வெட்டோடு போய்விட்டது. கிருமி மேலேறிப் பனிக்குடச் சவ்வில் அழற்சி உண்டாக்கினால், வலி எடுக்கும் முன்பே தண்ணீர்க்குடம் உடைந்துவிடும். நூலிழையால் சளியைச் சுரக்க முடியாதே! பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைமாதத்தில் நடப்பதற்கு இது முக்கியக் காரணம். நடுமாதத்தில் கரு கலைந்தாலோ, தையல் இறுகியிருப்பதால் அதை வெளியேற்றுவதே தனிச் சிக்கல். நிறைமாதத்தை எட்டியவர்களுக்கும் சிசேரியன்தான் வழி.

ஆகவே ‘கருப்பையைக் காப்பாற்றிவிட்டோம்’ என்பதோடு முடிகிற ஆலோசனை பாதி ஆலோசனைதான் என்பேன். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் அதே மேசையில் பேச வேண்டிய விஷயம்.

இப்போது மருத்துவர்கள் வெட்டையே குறைக்கப் பார்க்கிறார்கள். 2021இல் வெளியான ‘கான்செர்வ்’ ஆய்வில், சிறிய, ஆபத்துக் குறைந்த கட்டிகளையுடைய 44 பெண்களுக்குக் கூம்பு வடிவில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, நிணநீர் முடிச்சுகளைச் சோதித்ததோடு விட்டார்கள். வேறு எளிய அறுவை செய்துகொண்டவர்களையும் சேர்த்து அந்த ஆய்விலிருந்த 100 பேரில், இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பிய விகிதம் 3.5 சதவீதம். கூம்பை எடுத்த பிறகு கருப்பைவாயின் கணிசமான பகுதி இடத்திலேயே இருக்கும், சளிச் சுரப்பிகளோடு.