இருவர் போனால் பாதிச் செலவா? சிங்கப்பூர்–மலாக்கா வார இறுதிக் கணக்கு

சிங்கப்பூரில் படிக்கும் ஒரு மாணவி, நெருங்கிய தோழி ஒருத்தியுடன் வெள்ளிக்கிழமை பிற்பகல் கிளம்பி, மலேசியாவின் மலாக்காவில் 2 இரவு தங்கி, ஞாயிறு இரவு திரும்புகிறாள். நடுத்தரக் கணக்கில் தலைக்கு 123.44 சிங்கப்பூர் டாலர் ஆகும். சிங்கப்பூர்த் தமிழர் வழக்கப்படி இனி டாலரை வெள்ளி என்றே குறிக்கலாம். அதே பயணத்தைத் தனியாகச் செய்தால் 174.69 வெள்ளி. வித்தியாசம் 51.25 வெள்ளி, அதாவது 29.3 விழுக்காடு. 'ரெண்டு பேர் போனா பாதிக்குப் பாதி' என்ற கணக்கில் 50 விழுக்காடு மிஞ்சியிருக்க வேண்டும். குறையும் 20.7 விழுக்காட்டுப் புள்ளிக்குக் காரணம் செலவின் அளவு அன்று, அதன் வகை.

முதலில் அடிப்படைகள். மாற்று விகிதம் 1 வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று கொள்ளப்பட்டுள்ளது. ரயில் கட்டணமும் சுற்றுலா வரியும் அறிவிக்கப்பட்ட தொகைகள். அறை, பேருந்து, வாடகைக் கார், சாப்பாடு ஆகியவை மாணவர் கைக்கு எட்டும் அளவில் எடுத்துக்கொண்ட மதிப்பீடுகள். தனி ஆளுக்கும் இருவருக்கும் அறை வாடகை ஒன்றே.

பங்கிடக்கூடியவை, இருவருக்கும் சேர்த்து:
அறை, 2 இரவு × 130 ரிங்கிட் = 260 ரிங்கிட்
சுற்றுலா வரி, 2 இரவு × 10 ரிங்கிட் = 20 ரிங்கிட்
வாடகைக் கார், 4 முறை × 12 ரிங்கிட் = 48 ரிங்கிட்
கூட்டுத்தொகை: 328 ரிங்கிட். தலைக்கு 164 ரிங்கிட், அதாவது 51.25 வெள்ளி.

பங்கிட முடியாதவை, தலைக்கு:
எல்லை ரயில், போக 5 வெள்ளி, வர 5 ரிங்கிட்
மலேசிய எல்லை நகரான ஜொகூர் பாருவுக்கும் மலாக்காவுக்கும் இடையே பேருந்து, 2 × 25 ரிங்கிட் = 50 ரிங்கிட்
சாப்பாடு, 6 வேளை × 15 ரிங்கிட் = 90 ரிங்கிட்
தேநீர், செண்டோல், நொறுக்குத் தீனி: 30 ரிங்கிட்
அருங்காட்சியகம், படகு: 40 ரிங்கிட்
கூட்டுத்தொகை: 215 ரிங்கிட்டும் 5 வெள்ளியும், அதாவது 72.19 வெள்ளி.

தலைச்செலவான 123.44 வெள்ளியில் பங்கிட முடியாத பகுதி 58.5 விழுக்காடு. தோழி உடன் வந்தாலும் வராவிட்டாலும் இந்தத் தொகையில் காசு குறையாது. பேருந்தில் ஓர் இருக்கைக்கு ஒரு சீட்டு. ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு விலை. குறைவதெல்லாம் 328 ரிங்கிட் என்ற ஒரே தொகையில்தான்.

அந்த 328 ரிங்கிட்டில் அறையும் அறை வரியும் மட்டும் 280 ரிங்கிட், 85.4 விழுக்காடு. வாடகைக் கார் 14.6 விழுக்காடு. அறிமுகம் மட்டும் உள்ள ஒருவருடன் போய், காரைப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கோர் அறை எடுத்தால் மிச்சம் 24 ரிங்கிட், அதாவது 7.50 வெள்ளி. தனியாகப் போகும் செலவில் அது 4.3 விழுக்காடு. மீதி 43.75 வெள்ளி மிச்சமாக வேண்டுமானால், ஒரே அறையில் 2 இரவு படுக்கச் சம்மதிக்கும் அளவுக்கு நெருக்கம் வேண்டும். நட்புக்கு விலை சொல்ல முடியாது. ஆனால் அறையைப் பகிரும் நட்புக்கும் காரைப் பகிரும் அறிமுகத்துக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டை இந்தக் கணக்கில் படித்துவிடலாம்.

ஆள் கூடக்கூட மிச்சமும் கூடுமா? 4 பேர் போய் 2 அறை எடுத்து, ஒரே காரில் ஏறினால், அறையும் வரியும் தலைக்கு அதே 140 ரிங்கிட்தான். காரில் மட்டும் 24 ரிங்கிட் என்பது 12 ஆகும். தலைச்செலவு 123.44 வெள்ளியிலிருந்து 119.69 வெள்ளிக்கு இறங்கும். முதல் தோழி தரும் மிச்சம் 51.25 வெள்ளி, அடுத்த இருவரும் சேர்ந்து தருவது 3.75 வெள்ளி. பணக் கணக்கில் இரண்டாவது ஆளே ஆதாயம். மூன்றாவது, நான்காவது ஆட்களை அழைத்துப் போகச் சிக்கனத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

சுற்றுலா வரி 2017 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. மலேசியர் அல்லாதவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட். விடுதி முகப்பில் அறை வாடகை முன்பே கட்டப்பட்டிருந்தாலும், இந்த 20 ரிங்கிட்டுக்குத் தனியாக ஒரு ரசீது நீட்டப்படும். "ஆளுக்குப் பத்தா?" என்று கேட்டால், "அறைக்குத்தான் லா" என்று பதில் வரும். ஆளுக்கு விதித்திருந்தால் இருவருக்கும் 40 ரிங்கிட் ஆகியிருக்கும். அறைக்கு விதித்ததால் தலைக்கு 10 ரிங்கிட்டில், அதாவது 3.13 வெள்ளியில் முடிகிறது.

எல்லையைக் கடக்கும் ரயிலில் 5 என்ற எண் இருமுறை வருகிறது. சிங்கப்பூர்க் கரையிலுள்ள உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஷட்டில் தெப்ராவ் ரயிலில் 5 வெள்ளி. அதே ரயிலில் திரும்பி வர 5 ரிங்கிட். 3.20 விகிதத்தில் போவதற்கு 16 ரிங்கிட், வருவதற்கு 1.56 வெள்ளி. தூரம், வண்டி, 5 நிமிட ஓட்டம் மூன்றும் ஒன்றாக இருக்க, போகும் செலவு வரும் செலவைப்போல் 3.2 மடங்கு. இருவழிக்கும் சேர்த்து 6.56 வெள்ளி. வண்டி ஏறும் கரையை வைத்தே விலை அமைகிறது.

1973 மே மாதம் வரை இந்த மாற்று விகிதம் 1:1. சிங்கப்பூர், மலேசிய நாணயங்கள் இரண்டும் இரு நாடுகளிலும் ஒரே மதிப்பில் செல்லுபடியாயின. 2013இல் 1 வெள்ளிக்கு ஏறக்குறைய 2.5 ரிங்கிட்; 2024 பிப்ரவரியில் 3.5ஐத் தாண்டியது. தலைச்செலவில் ரிங்கிட்டில் கட்டுவது 379 ரிங்கிட். அது 2.5 விகிதத்தில் 151.60 வெள்ளி, 3.2 விகிதத்தில் 118.44 வெள்ளி, 3.5 விகிதத்தில் 108.29 வெள்ளி. விகிதம் 3.2இலிருந்து 3.5க்கு உயரக் காத்திருந்து கிளம்பினால் மிச்சம் 10.15 வெள்ளி. நாணய மாற்றுக் கடையில் 3.20க்குப் பதில் 3.18 கிடைத்தால் நட்டம் 74 காசு. வெளிநாட்டுச் செலவுக்கு 3 விழுக்காடு பிடிக்கும் அட்டையைத் தேய்த்தால் 3.55 வெள்ளி கூடும். மூன்றையும் கூட்டினாலும் 14.44 வெள்ளி, அறையைப் பகிர்வதால் கிடைக்கும் 43.75 வெள்ளியில் அது மூன்றில் ஒரு பங்கு.

இனி நேரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஞாயிறு இரவு 9 மணிக்கு வீடு திரும்பினால் 54 மணி நேரம். உட்லண்ட்ஸ் போய்ச் சேர 1 மணி. வரிசை, குடிநுழைவுச் சோதனை, ரயில் சேர்த்து 1 மணி. ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து முனையம் போய்க் காத்திருக்க 1 மணி. மலாக்கா சென்ட்ரலுக்குப் பேருந்து 3 மணி. அங்கிருந்து அறைக்கு அரை மணி. ஒரு வழிக்கு 6.5 மணி, இருவழிக்கு 13 மணி. இரவுக்கு 7 மணி வீதம் தூக்கம் 14 மணி. கையில் மிஞ்சுவது 27 மணி, மொத்த நேரத்தில் சரிபாதி.

எல்லையில் போகும் 1 மணி நேரத்தில் ரயில் ஓடுவது 5 நிமிடம். மீதி 55 நிமிடம் வரிசை, 91.7 விழுக்காடு. அந்த ரயில் கடக்கும், 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். அன்றைய செலவு 1 கோடியே 70 லட்சம் நீரிணை டாலர். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை இன்று நாளொன்றுக்குச் சராசரியாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். நீண்ட விடுமுறைகளில் சாலை வழியே 3 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு ஆணையம் எச்சரிப்பது வழக்கம். ரயில் சீட்டு கிடைக்காமல் சாலையில் போய், ஒவ்வொரு வழியிலும் 2 மணி நேரம் கூடினால், 27 மணி 23 ஆகிறது. செலவு மாறாது என்று கொண்டாலும், மலாக்காவில் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தின் விலை 4.57 வெள்ளியிலிருந்து 5.37 வெள்ளிக்கு ஏறும். 17 விழுக்காட்டு உயர்வு. உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே கட்டப்பட்டுவரும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் இணைப்பு ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைக் கொண்டுசெல்லும் திறனுக்கு வடிவமைக்கப்பட்டது. அது சுருக்கப்போவதும் 5 நிமிட ஓட்டத்தை அன்று, 55 நிமிட வரிசையைத்தான்.

இதுவரை இருவருக்கும் ஒரே கணக்கு. மாணவி இந்தியக் கடப்பிதழும் சிங்கப்பூர் மாணவர் அட்டையும் உடையவள், தோழி சிங்கப்பூர்க் குடிமகள் என்றால், இரண்டு இடங்களில் கணக்கு பிரிகிறது. முதலாவது நுழைவு. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாள் விசா விலக்கு அளிக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. எனவே விசாக் கட்டணம் 0. ஆனால் 2024 ஜனவரி 1 முதல், வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை மாணவி நிரப்பியாக வேண்டும். அதற்கும் கட்டணம் 0. தோழிக்கு அந்த அட்டையே தேவையில்லை.

இரண்டாவது திரும்பும் வழி. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்த குடிமக்கள், வாங்கிவரும் பொருளில் 500 வெள்ளி வரைக்கும் பொருள் சேவை வரி கட்ட வேண்டியதில்லை. 48 மணிக்குக் குறைந்தால் சலுகை 100 வெள்ளி. மேற்கண்ட அட்டவணைப்படி எல்லைக்கு வெளியே கழிவது ஏறக்குறைய 51 மணி. தோழிக்கு 500 வெள்ளிச் சலுகை உண்டு. மாணவர் அட்டை உடையவருக்கு எத்தனை மணி கழிந்தாலும் சலுகை 0. 2023க்கு முன் 7 விழுக்காடாக இருந்த வரி, அந்த ஆண்டில் 8, 2024 முதல் 9. இருவரும் ஆளுக்கு 150 வெள்ளி மதிப்புள்ள காலணி வாங்கினால், தோழி கட்ட வேண்டியது 0, மாணவி 13.50 வெள்ளி. 4 மணி முன்னதாகத் திரும்பி 47 மணியில் முடித்தால், தோழி 4.50 வெள்ளி கட்டுவாள். மாணவிக்கு அதே 13.50 வெள்ளி.

மலாக்காவில் கட்டணமே இல்லாத இடங்களின் பட்டியலும் நீளமானது. ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறிய நகரம் இது. போர்த்துக்கீசியர் 1511இலும் டச்சுக்காரர் 1641இலும் பிடித்து, 1824 ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயர் கைக்கு மாறிய ஊர். 1748இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும் 1781இன் பொய்யாத விநாயகர் கோயிலும் ஒரே தெருவில் உள்ளன. செங் ஹூன் தெங் சீனக் கோயில் சில நிமிட நடையில். இவை மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் 0. விநாயகர் கோயிலுக்கு நிலம் கொடுத்தது டச்சு அரசு, பெற்றவர்கள் மலாக்கா செட்டிகள். தமிழ் வணிகர் வழிவந்து மலாய் பேசும் அந்தச் சமூகம் இன்றும் காஜா பெராங் பகுதியில் வாழ்கிறது. 27 மணி நேரத்தில் காசு கேட்கும் இடங்களுக்கு ஒதுக்கியது 40 ரிங்கிட், தலைச்செலவில் 10.1 விழுக்காடு மட்டுமே.

123.44 வெள்ளி மாணவிக்கு எவ்வளவு? தேசியப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மணிக்கு 12 வெள்ளி ஊதியம் என்று கொண்டால் இந்தப் பயணம் 10.3 மணி உழைப்பு, வார வரம்பில் 64 விழுக்காடு. தனியாகப் போனால் 14.6 மணி, 91 விழுக்காடு. வீட்டில் இருந்தாலும் பசிக்கும் என்பதால் ஒரு கழிவும் உண்டு. உணவங்காடியில் வேளைக்கு 5.50 வெள்ளி வீதம் 6 வேளைக்கு 33 வெள்ளி எப்படியும் செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் பயணத்தின் நிகரச் செலவு 90.44 வெள்ளி. சனிக்கிழமை 8 மணி நேர வேலை கைவிட்டுப் போனால் 96 வெள்ளி வரவு இழப்பு. அது நிகரச் செலவையே மிஞ்சும், ஆனால் எந்த ரசீதிலும் வராது.

மதிப்பீடுகளை மாற்றினால் முடிவு மாறுமா? அறை வாடகை 130 ரிங்கிட்டுக்குப் பதில் 80 என்றால், தனியாக 143.44 வெள்ளி, இருவராக 107.81 வெள்ளி, மிச்சம் 24.8 விழுக்காடு. 200 என்றால், தனியாக 218.44 வெள்ளி, இருவராக 145.31 வெள்ளி, மிச்சம் 33.5 விழுக்காடு. மாணவர் தங்கக்கூடிய விலைகளில் தோழியால் வரும் மிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்கிறது. அது பாதியாக வேண்டுமானால் பங்கிட முடியாத 72.19 வெள்ளி 0 ஆக வேண்டும். அதாவது இருவரும் பேருந்து ஏறாமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும்.