நோன்பிருந்த பிள்ளைகளுக்குக் கம்பளிப் பொம்மை. நம் பிள்ளைகளுக்கு அட்டைக் குழாய்

ரமழான் மாதத்தில் அஸ்ர் தொழுகைக்குப் பிறகான நேரம்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கடினமானது. முதன்முதலாக நோன்பு வைத்த பிள்ளை, "இன்னும் எவ்வளவு நேரம் அத்தா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். நாம் என்ன செய்கிறோம்? செல்போனை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அமைதியாகிவிடுகிறது. நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் போனைத் திரும்ப வாங்குவதற்குள் வீடே ரகளையாகிவிடுகிறது. மார்க்கம் படித்துக் கொடுக்கும் நானும் என் வீட்டில் இப்படிச் செய்தவன்தான்.

இதே சிரமம் மதீனாவில் வாழ்ந்த தாய்மார்களுக்கும் இருந்தது. அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது.

கம்பளிப் பொம்மையும் சிறகுக் குதிரையும்

ஆஷூரா நாளில் நோன்பு வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றியிருந்த அன்ஸாரிகளின் ஊர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். அதன்பின் தாங்கள் அந்த நோன்பை வைத்ததையும், தங்கள் பிள்ளைகளையும் வைக்கச் செய்ததையும் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்காகக் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருப்பார்களாம். பசியால் ஒரு பிள்ளை அழுதால், நோன்பு திறக்கும் நேரம் வரும்வரை அதைக் கொடுத்து ஆற்றுவார்களாம். இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

இன்னொரு செய்தி அபூதாவூதில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணம் முடிந்து வீடு திரும்பியபோது, காற்றில் திரை விலகி, ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித்துண்டுகளால் இரண்டு சிறகுகள் வைத்த ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

இரண்டு செய்திகளிலும் விளையாட்டுப் பொருளுக்கான மூலப்பொருள் வீட்டில் சாதாரணமாகக் கிடைப்பதுதான்: கம்பளி, கிழிந்த துணி. மதீனத்துத் தாய்மார்கள் பிள்ளைகளுக்காகச் செலவழித்தது தங்கள் நேரத்தை.

நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை

கம்பளிக்குப் பதிலாக நம்மிடம் அட்டைக் குழாய் இருக்கிறது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்த பகுதி. நூல் சுற்றும் அட்டைக் கோன்கள் இங்கே பலருக்கும் பழக்கமானவை. ஜவுளிக் கடையிலும் தையல் கடையிலும் துணி சுற்றி வந்த நீளக் குழாய்கள் மூலையில் சாய்ந்து கிடக்கும். வீட்டில் அலுமினியத் தாள் தீர்ந்த குழாய், செல்லோ டேப் தீர்ந்த வளையம் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகின்றன. வீண்விரயம் செய்யக்கூடாது என்பது பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரும் மார்க்கப் பாடம். அதைக் கையால் செய்து காட்ட இந்தக் குழாய்களே போதும்.

என்னென்ன செய்யலாம்?

பலம் பார்த்தல்: ஒரே உயரமுள்ள நான்கு குழாய்களை நிறுத்தி, மேலே ஒரு பலகை வைத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய அட்டை இவ்வளவு கனம் தாங்குகிறதே என்று பிள்ளை வியக்கும். எடை வட்டம் முழுவதும் சமமாகப் பரவுவதுதான் காரணம். பிறகு ஒரு குழாயில் சாய்வாகத் தெரியும் ஒட்டுக்கோட்டைப் பிரித்துப் பாருங்கள். நீளமான தாள் பட்டையைப் பசை தடவிச் சாய்வாகச் சுற்றித்தான் குழாய் செய்கிறார்கள் என்பது புரியும். பிரித்தால் வருவது செவ்வகமல்ல, இணைகரம். கணக்குப் பாடம் கையிலேயே வந்துவிடும்.

கோலி ஓடும் பாதை: குழாய்களை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பெரிய அட்டையில் மேலிருந்து கீழே சாய்வாக மைதா பசையால் ஒட்டுங்கள். கோலிக்குண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றில் விழுந்து ஓட வேண்டும். எந்தச் சாய்வில் வேகம் கூடுகிறது, எங்கே கோலி வெளியே தெறிக்கிறது என்று பிள்ளையே திருத்தித் திருத்திக் கண்டுபிடிக்கும்.

தலைகீழ்க் கோட்டை: ஒரு குழாயின் ஒரு முனையில் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். அதன் மேல் சற்றுத் தளர்வாகக் கறுப்புச் சார்ட் தாளைச் சுற்றி இன்னொரு குழாய் செய்யுங்கள். வெளிக்குழாயின் முனையை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் குண்டூசியால் சிறிய துளை போடுங்கள். எண்ணெய்த் தாள் துளையைப் பார்த்தபடி உள்குழாயைச் செருகி, இருட்டான அறையில் நின்று, வெயில் விழும் வெளிப்புறத்தை ஜன்னல் வழியே பாருங்கள். உங்கள் ஜன்னலிலிருந்து மலைக்கோட்டை தெரிந்தால், அது எண்ணெய்த் தாளில் தலைகீழாக நிற்கும். ஒளி நேர்கோட்டில் செல்வதால் மேலிருந்து வரும் ஒளி துளை வழியே கீழே விழுகிறது, கீழிருந்து வருவது மேலே விழுகிறது.

ஒளி இப்படிச் செல்வதைச் சோதித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரு துளை வழியே இருட்டறைக்குள் விழும் ஒளிப்புள்ளிகளைக் கவனித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. 'கிதாபுல் மனாழிர்' என்ற அவருடைய நூல் பின்னாளில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவிலும் படிக்கப்பட்டது. இந்தப் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிடக் குழாய்க்குள் பார்த்து அறிந்த பிள்ளை மறக்காது.

வட்ட அச்சு: குழாயின் முனையை வண்ணத்தில் தொட்டுத் தாளில் பதித்தால் வட்டம். ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள ஆறு வட்டங்கள் இடைவெளியின்றித் தொட்டு நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பதித்தால் ஆறிதழ்ப் பூ வரும். பள்ளிவாசல்களின் வடிவக்கோல அலங்காரங்களில் பலவற்றுக்கு இந்த வட்டங்களே அடிப்படை.

உருவம் செய்யலாமா?

குழாயில் யானை, குதிரை, பொம்மை செய்வது கூடுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் பற்றிய ஹதீஸை ஆதாரமாக வைத்து, பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு உருவத் தடையிலிருந்து விலக்கு உண்டு என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். இது பெரும்பான்மையோரின் கருத்து என்று காழீ இயாழ் கூறியதை இப்னு ஹஜர் தம் 'ஃபத்ஹுல் பாரீ'யில் எடுத்துக்காட்டுகிறார். அந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டது என்ற கருத்தும் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் கோலிப் பாதை, கோட்டை, பேனா தாங்கி, வட்ட அச்சு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். விளையாட்டு அதனால் குறைந்துவிடாது.

கைவேலை கல்வியே

படிக்கிற பிள்ளைக்கு அட்டை வெட்டுவது எதற்கு என்று நினைப்போர் ஒன்றை அறிய வேண்டும். 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டுக்குப் பின், கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாமியா மில்லியாவின் டாக்டர் ஜாகிர் உசேன். 1967இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானவரும் அவரே. அதே காந்தியக் கல்விச் சிந்தனையில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியதுதான் நம் சின்னாளபட்டி அருகிலுள்ள காந்திகிராமம். நம் காலத்தில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையில் போகும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கவனம் தேவை

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கோலியும் சிறு வளையமும் வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். ஈரம்பட்ட, பூஞ்சை பிடித்த, எண்ணெய்க் கறை படிந்த குழாய்களை எடுக்காதீர்கள். எந்தக் குழாய் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது.

போன ரமழானில் ஒரு தையல் கடையில் கேட்டு வாங்கிய குழாயோடு என் மகனும் நானும் உட்கார்ந்தோம். முதல் நாள் கோலி நான்கு தடவை தரையில் விழுந்தது. ஐந்தாவது தடவை சரியாக ஓடி முடித்தபோது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று அன்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. என் போன் எங்கே இருந்தது என்று எனக்கும் நினைவில்லை.