விளம்பரம் முடிந்ததும் கை ஏன் கண்ணாடியைத் தேடுகிறது?

கையில் காபித் தட்டோடு ஒரு பெண், கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார். இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதா? உங்கள் அக்காவுக்கே நடந்திருக்கும். அதனால்தான் விளம்பரம் அதை எடுத்துக்கொள்கிறது. பழகிய காட்சியிடம் மனம் கேள்வி கேட்பதில்லை. அடிக்கடி கண்ணில் பட்டாலே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸையன்ட்ஸ் 1968-லேயே எழுதினார்.

சரி, குறை எங்கிருந்து முளைக்கிறது?

பாயசம் குடித்த கையோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரையே போடவில்லையோ என்று தோன்றும். காபி மாறவில்லை, நாக்குதான் மாறியிருக்கிறது. விளக்கு வைத்து, மேக்கப் போட்டு, கணினியில் திருத்திய முகத்தைப் பார்த்த கண்ணுக்கு, கண்ணாடியில் தெரியும் சொந்த முகமும் அப்படித்தான் சப்பென்று ஆகிவிடுகிறது.

அந்த நொடியில் சிவப்பழகு க்ரீம் வந்து நிற்கும்.

1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு விளம்பரத்தில் மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார். மகள் க்ரீம் பூசுவாள், நிறம் கூடும், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கும். வீட்டுக் கவலையும் பெண்ணின் தோலும் ஒரே முடிச்சில்! எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மாதர் சங்கம் போராடியது. 2003-இல் அந்த விளம்பரம் நின்றது.

க்ரீமின் பெயர் மாற 2020 ஆயிற்று. இப்போது அது க்ளோ அண்ட் லவ்லி.

ஒன்று தெரியுமா? க்ரீம் போக்கப் பார்க்கும் தோலின் கறுப்பைத் தருவது மெலனின் என்ற நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிருக்கு உடம்பே பிடித்திருக்கும் குடை அது.