இடப்பெயர்ச்சியும் திசைவேகமும்: குறிப்பாயத்தைச் சார்ந்த அளவுகள்

முன்னுரை

ஒரு பொருள் எவ்வளவு நகர்ந்தது என்னும் வினாவிற்கு, எதனைப் பொறுத்து என்று கூறாமல் விடையளிக்க இயலாது. முன்னோக்கிச் செல்லும் படகில் இருப்பவருக்குக் கரையின் அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வனவாகத் தோன்றும் என்பதை, கி.பி. 499ஐ ஒட்டிய தம் ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் சுட்டியுள்ளார். விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுவதற்கு அதனையே உவமையாக்கினார். நோக்குபவர் அளவிடுவதற்கு அடிப்படையாகக் கொள்ளும் அமைப்பு குறிப்பாயம் எனப்படும். அது மாறும்போது எவை மாறுகின்றன, எவை மாறுவதில்லை என்பதை இக்கட்டுரை இரு சான்றுகளால் விளக்குகிறது.

பேருந்தில் நடப்பவர்

விருதுநகரை அடுத்த சூலக்கரை வழியாக ஒரு பேருந்து நொடிக்கு 20 மீட்டர் வீதம் நேராகச் செல்வதாகக் கொள்வோம். பயணி ஒருவர் அதனுள் பின்புறமாக நொடிக்கு 1 மீட்டர் வீதம் 5 நொடிகள் நடக்கிறார். பேருந்தின் குறிப்பாயத்தில் அவரது இடப்பெயர்ச்சி பின்னோக்கி 5 மீட்டர். சாலையின் குறிப்பாயத்தில் முன்னோக்கி 95 மீட்டர். அளவு மட்டுமன்றித் திசையும் மாறுகிறது. இவற்றுள் ஒன்று உண்மை, மற்றொன்று வெறும் தோற்றம் என மாணவர் கருதுவதுண்டு. இரண்டும் தத்தம் குறிப்பாயத்தில் சரியான அளவீடுகளே.

வானில் வெடிக்கும் வாணவெடி

சிவகாசிப் பகுதியின் வாணவெடி ஒன்று சாய்வாக ஏவப்பட்டு, உச்சியில் கிடைத்திசையில் நொடிக்கு 10 மீட்டர் வீதம் செல்கையில் வெடிக்கிறது எனக் கொள்வோம். வெடியைப் பொறுத்துப் பொறிகள் எல்லாத் திசையிலும் நொடிக்கு 30 மீட்டர் வீதம் சிதறினால், காற்றுத் தடையை நீக்கிப் பார்க்கையில், வெடியோடு நகரும் குறிப்பாயத்தில் அவை சீரான கோளமாக விரியும். தரையைப் பொறுத்தோ, முன்செல்லும் பொறியின் திசைவேகம் நொடிக்கு 40 மீட்டர். பின்செல்வதற்கு 20 மீட்டர். 2 நொடிகளில் அவற்றின் கிடைத்திசை இடப்பெயர்ச்சிகள் முறையே 80, 40 மீட்டர். எனினும் அவ்விரு பொறிகளுக்கு இடைப்பட்ட தொலைவு இரு குறிப்பாயங்களிலும் 120 மீட்டரே. அவற்றின் சார்புத் திசைவேகமும் மாறுவதில்லை. புவியீர்ப்பு அனைத்தையும் ஒன்றாகக் கீழிழுப்பதால் கோளம் குலையாமல் அதன் மையமே தாழ்கிறது.

முடிவுரை

கண்ணுக்குச் சீராகத் தெரியும் கோளத்தை நம்பி, வெடித்த இடத்திற்கு நேர்கீழே தரையில் ஒரு வட்டம் வரைந்து பாதுகாப்பு எல்லையாகக் கொள்வது பிழை. பார்வையாளர் நிற்பது தரையில்; ஆகவே எல்லையும் தரையின் குறிப்பாயத்திலேயே கணிக்கப்பட வேண்டும். வெடி சாயும் பக்கத்தில் கூடுதல் இடைவெளி தேவை. குறிப்பாயத்தைக் குறிப்பிடாத திசைவேகம், அலகைக் குறிப்பிடாத எண்ணைப் போன்றே முழுமை பெறாதது.